அப்பாவுக்கு ஏன் மூன்றாவது தடவையும் மூச்சு வாங்கியது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். அப்பாவுக்கு 52 வயது, மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர். போன வருஷம் ஹார்ட் அட்டாக் வந்து முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் ஸ்டென்ட் வைத்தார்கள். அதன்பிறகு எக்கோ (இதயத்தின் ஸ்கேன்) எடுத்துவிட்டு பம்பிங் 28 என்று சொன்னார்கள். எட்டு மாதத்தில் மூன்று தடவை மூச்சு வாங்கி அட்மிட் ஆகிவிட்டார். "இது பணக்காரர்களுக்கு வருகிற நோய் என்றுதானே சொல்வார்கள், உழைக்கிற உடம்புக்கு எப்படி வந்தது, எங்களிடம் காசு இல்லாததுதான் காரணமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆமாம், காசு இல்லாததும் காரணம்தான். ஸ்டென்டுக்கான காசை அரசாங்கம் கட்டிவிட்டது, அந்த இடத்தில் உங்கள் அப்பா தோற்கவில்லை. டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அடுத்த தடவை 108-ல் ஏறுகிற நாள் வரைக்கும் இருக்கிற அந்த இரண்டு மூன்று மாதத்தில்தான் தோற்கிறார். நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஏழு வருஷம் இருந்துவிட்டு இப்போது ஒரு அரசு மருத்துவமனையின் மெடிக்கல் வார்டில் வேலை பார்க்கிறேன். இரண்டு பக்கமும் நின்று பார்த்ததால் இதைச் சொல்கிறேன்.

முதலில் நோயைப் பற்றி. ஹார்ட் ஃபெயிலியர் என்றால் இதயம் நின்றுபோவது இல்லை. தமிழில் இதயச் செயலிழப்பு என்று எழுதுவதால் பலர் கதை முடிந்தது என்று நினைத்துப் பயந்துவிடுகிறார்கள். இதயத்தின் இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடம் இருக்கிற ரத்தத்தில் நூற்றுக்கு 55-க்கு மேல் வெளியே தள்ள வேண்டும். அப்பாவுக்கு 28 பங்குதான் தள்ளுகிறது. தள்ள முடியாதது பின்னால் தேங்குகிறது, நுரையீரலில் தேங்கினால் மூச்சு வாங்கும், காலில் தேங்கினால் வீங்கும். சிறுநீரகமோ ரத்தம் குறைவாக வருகிறதே, உடம்பில் தண்ணீர் பற்றாக்குறை போலிருக்கிறது என்று தப்பாகப் புரிந்துகொண்டு உப்பையும் தண்ணீரையும் மேலும் பிடித்து வைக்கும். அதனால் இது ஒரு நாளில் வருகிற நோய் இல்லை. ஒரு வாரம் பத்து நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஏறி, கடைசியில் ஒரு ராத்திரி படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பத்து நாள்தான் நான் சொல்லப்போகிற எல்லாவற்றுக்கும் அடிப்படை.

சரி, பணக்காரர் நோய் என்கிற பேச்சுக்கு வருவோம். அது பழைய கதை. இங்கிலாந்தில் எல்லாருக்கும் குடும்ப மருத்துவர் உண்டு, பார்க்கக் காசும் கிடையாது. அங்கே 2002 முதல் 2014 வரை 40 லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை எடுத்துப் பார்த்து 2018-ல் லான்செட் என்கிற மருத்துவ இதழில் எழுதினார்கள். மிகவும் பின்தங்கிய பகுதியில் வாழ்கிறவர்களுக்கு, வசதியான பகுதியில் வாழ்கிறவர்களை விட ஹார்ட் ஃபெயிலியர் வருவது 1.6 மடங்கு அதிகம், அதுவும் மூன்றரை வருஷம் முன்னதாகவே. மருத்துவம் இலவசமாக இருக்கிற நாட்டிலேயே இந்த நிலைமை.

நம் பக்கம் வாருங்கள். 2013-ல் திருவனந்தபுரம் மாவட்டத்தின் 18 மருத்துவமனைகளில் ஹார்ட் ஃபெயிலியரோடு அட்மிட் ஆன 1205 பேரைப் பதிவு செய்து வருஷக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். சராசரி வயது 61. மேலைநாட்டுப் பதிவேடுகளில் இது எழுபதுகளில் இருக்கும். ஒரு வருஷத்துக்குள் ஏறக்குறைய பத்துக்கு மூன்று பேர் இறந்துவிட்டார்கள், ஐந்து வருஷத்தில் 59%. கேரளாவிலேயே இப்படி. டிஸ்சார்ஜ் ஆகும்போது இதயத்தின் தள்ளும் சக்தி குறைந்தவர்களில் கால்வாசிப் பேருக்குத்தான் கொடுக்க வேண்டிய மருந்துகள் எல்லாம் எழுதப்பட்டிருந்தன. 16 நாடுகளை ஒப்பிட்ட இன்னொரு ஆய்வு 2017-ல் வந்தது. ஒரு வருஷ மரணம் சீனாவில் 7%, இந்தியாவில் 23%, ஆப்பிரிக்காவில் 34%. இந்தியா முழுக்க 53 மருத்துவமனைகளில் நடத்திய தேசியப் பதிவேட்டில் 90 நாளில் ஏழு பேருக்கு ஒருவர் இறந்திருக்கிறார். அதில் பள்ளிப் படிப்பு குறைந்தவர்களின் மரணம் மற்றவர்களை விட அதிகம். படிப்புக்கும் இதயத் தசைக்கும் நேரடிச் சம்பந்தம் எதுவும் இல்லை. ஆனால் படிப்பு குறைவு என்றால் நம் ஊரில் என்ன வேலை, எவ்வளவு கூலி, எப்படிப்பட்ட வீடு, மாத்திரை அட்டையில் எழுதியிருப்பதைப் படிக்க முடியுமா என்பதெல்லாம் அதிலேயே அடங்கிவிடுகிறது.

உழைக்கிற உடம்பு என்றீர்கள். மூட்டை தூக்குவது உடற்பயிற்சி என்று நாம் நினைக்கிறோம். மூச்சைப் பிடித்து எழுபது எண்பது கிலோவைத் தோளில் ஏற்றும்போது பிபி எகிறும், அது நடைப்பயிற்சி மாதிரி இதயத்துக்கு இதமான வேலை இல்லை. அதோடு வெயிலில் வியர்வை கொட்டுகிறவர்கள் காலையில் பழைய சோற்றோடு ஊறுகாயோ கருவாடோ வைத்துத்தான் சாப்பிடுவார்கள், வேலைக்கு அதுதான் தாங்கும், குற்றம் சொல்ல முடியாது. பிபி பார்த்திருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் 2020-ல் நடத்திய கணக்கெடுப்பில் பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அது கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3% மட்டுமே! இத்தனைக்கும் பிபி மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம். ஆனால் அதை வாங்க ஒரு காலை நேரம் வேண்டும், ஒரு காலை நேரம் என்றால் ஒரு நாள் கூலி. இது தவிர பீடி, புகையிலை, வேலை முடிந்து குடிக்கிற பழக்கம். நெரிசலான வீட்டில் சின்ன வயதில் வந்த தொண்டை வலி வாத ஜுரமாக மாறி வால்வைக் கெடுப்பது இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை, 35 வயதிலேயே மூச்சு வாங்கி வருகிற பெண்களில் இதைப் பார்க்கிறேன்.

உங்கள் அப்பா விஷயத்தில் ஹார்ட் அட்டாக் வந்த அன்றைக்கு என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். நான் பார்த்த பெரும்பாலான கதை இதுதான். ராத்திரி நெஞ்சு கரிக்கும், "கேஸ்" என்று சோடா குடிப்பார், மெடிக்கல் ஷாப்பில் ஒரு ஜெலுசில், விடிந்ததும் வேலைக்கே போய்விடுவார். பிறகு வியர்த்து விழுந்ததும் யாராவது பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார்கள், அங்கே ஒரு ஊசி போட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வார்கள், அங்கே போய்ச் சேரும்போது பன்னிரண்டு மணி நேரம் ஓடியிருக்கும். ரத்தக்குழாய் அடைத்த முதல் சில மணி நேரத்திலேயே தசையின் பெரும்பகுதி செத்துவிடும். ஸ்டென்ட் அடைப்பைத் திறக்கும், செத்த தசையை உயிர்ப்பிக்காது. 28 என்கிற எண் பெரும்பாலும் அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தின் கணக்குதான். வசதியான குடும்பத்தில் அதே வலிக்கு அரைமணி நேரத்தில் காரில் போயிருப்பார்கள். 2023-ல் தமிழ்நாட்டில் "இதயம் காப்போம்" என்று ஒரு திட்டம் வந்தது, ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் ஹார்ட் அட்டாக் சந்தேகம் என்றால் உடனே கொடுக்க வேண்டிய மாத்திரைகளைத் தயாராக வைத்திருக்கிறார்கள். நல்ல விஷயம், இதை உங்கள் தெருவில் எல்லாருக்கும் சொல்லுங்கள், நெஞ்சு கரித்தால் சோடாக் கடைக்குப் போகாமல் அங்கே போகச் சொல்லுங்கள்.

இன்னொரு தாமதம், நோயைக் கண்டுபிடிப்பதில். மூச்சு வாங்குகிறது என்று சிறிய கிளினிக்குக்குப் போனால் முதலில் "வீசிங்" என்பார்கள். ஆவி பிடிக்க வைத்து, ஒரு டெரிஃபிலின் ஊசி, இரண்டு நாள் மாத்திரை. கொஞ்சம் தேவலாம் போல இருக்கும். அடுத்த வாரம் மறுபடி. ஐம்பது வயதுக்கு மேல் முதல்முறையாக வீசிங் வந்தது என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே காலைப் பார்க்கத் தோன்றும், கணுக்காலில் கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்தி எடுத்தால் குழி நிற்கிறதா என்று. பெண்கள் விஷயம் இன்னும் மோசம், "ரத்தம் கம்மி, அதான் இளைக்குது" என்று இரும்பு மாத்திரையோடு அனுப்பிவிடுவார்கள். ரத்த சோகையும் இருக்கும்தான், ஆனால் அதோடு தேடல் நின்றுவிடும். இங்கிலாந்திலேயே ஹார்ட் ஃபெயிலியர் நோயாளிகளில் ஏறக்குறைய 80% பேருக்கு நோய் முதலில் உறுதியானது மருத்துவமனையில்தான், அவர்களில் பலர் அதற்கு முன்னால் குடும்ப மருத்துவரிடம் மூச்சு வாங்குது, கால் வீங்குது என்று போய்த் திரும்பியவர்கள். இந்த நோயைச் சந்தேகிக்க என்டி-புரோபிஎன்பி என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது, அங்கே குடும்ப மருத்துவரே அதற்கு எழுதலாம். எண் 2000-ஐத் தாண்டினால் இரண்டு வாரத்துக்குள் எக்கோவும் நிபுணரும். இங்கே அதைத் தனியார் லேபில் எடுத்தால் ஆயிரம் ரூபாயைத் தாண்டும். எங்கள் சுகாதார நிலையத்தில் எனக்கு இருந்தது ஸ்டெதாஸ்கோப்பும் இசிஜியும் என் கட்டைவிரலும்தான், ஓரளவுக்கு அவையே போதும், ஆனால் ஒருவரை நிதானமாகப் படுக்க வைத்துக் கழுத்து நரம்பைப் பார்க்க ஐந்து நிமிஷம் வேண்டும். ஒரு காலை ஓ.பி.யில் நூற்றைம்பது சீட்டு வருகிற இடத்தில் அந்த ஐந்து நிமிஷம் கிடைக்காது.

இப்போது அந்த மூன்று அட்மிஷனுக்கு வருகிறேன். ஒரு அம்மாவைப் பற்றிச் சொன்னால் உங்களுக்குப் புரியும். நூறு நாள் வேலைக்குப் போகிறவர், அறுபதை நெருங்குகிற வயது. பெரிய ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்து தண்ணீரெல்லாம் இறங்கி நன்றாக வீட்டுக்கு வந்தார். மூன்று வாரத்தில் மறுபடி மெட்டி கழற்ற முடியாத அளவுக்குக் கால் வீங்கி வந்து நின்றார். மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால் சாப்பிடுகிறேன் சார் என்கிறார். பையைக் கொட்டச் சொன்னேன். எல்லா அட்டையும் காலியாகியிருந்தது, தேங்கிய தண்ணீரைச் சிறுநீராக இறக்குகிற லாசிக்ஸ் அட்டை மட்டும் முழுசாக இருந்தது. கூட இருந்த நர்ஸ் அக்காதான் அவரைத் தனியாகக் கூட்டிப்போய்ப் பேசிவிட்டு வந்து சொன்னார். அந்த மாத்திரையைக் காலையில் போட்டால் மதியம் வரை அரைமணிக்கு ஒரு தடவை சிறுநீர் கழிக்க வேண்டும். ஏரிக்கரையில் முப்பது ஆண் பெண் சேர்ந்து மண் வெட்டுகிற இடத்தில் அவர் எங்கே போவார்? பஸ்ஸில் ஏறினால் ஒன்றரை மணி நேரம் இறங்க முடியாது. வேலை இல்லாத நாளில் போட்டுக்கொள்ளலாம் என்று எடுத்து வைத்திருக்கிறார். அவர் மருந்தை அலட்சியப்படுத்தவில்லை, மிகக் கவனமாகக் கணக்குப் போட்டு வைத்திருந்தார். நாங்கள்தான் கேட்கவே இல்லை. வேலை முடிந்து வந்ததும் மதியம் இரண்டு மணிக்கு மேல் போடுங்கள், அதுவும் வேலை செய்யும் என்று ஒரே ஒரு வாக்கியம்தான், அதை டிஸ்சார்ஜ் அன்றைக்கே யாரும் சொல்லாததால் பத்து நாள் படுக்கை வைத்தியமும் வீணாகிவிட்டது. அதன்பிறகு அவரிடம் ஏரி வேலை இருக்கிற நாள், இல்லாத நாள் என்று இரண்டு நேரம் எழுதிக் கொடுத்தோம்.

துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கிற பெண்கள், செங்கல் சூளை, கட்டட வேலை, எல்லாருக்கும் இதே பிரச்சினைதான். எத்தனையோ ஆய்வுக் கட்டுரைகளில் "மருந்தை ஒழுங்காக எடுக்காத நோயாளி" என்று வருகிற இடத்தில் நான் அந்த முழு லாசிக்ஸ் அட்டையைத்தான் நினைத்துக்கொள்வேன்.

அப்பாவிடம் வேறு ஒன்றைக் கேளுங்கள். முதுகு வலிக்கு என்ன மாத்திரை போடுகிறார்? மூட்டை தூக்குபவர்கள் தினமும் சாயங்காலம் மெடிக்கல் ஷாப்பில் பெயர் சொல்லாமலேயே "உடம்பு வலி செட்" என்று வாங்கிப் போடுவார்கள், அதில் பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் அல்லது அது மாதிரி ஒன்று இருக்கும். அது சிறுநீரகத்தில் உப்பையும் தண்ணீரையும் பிடித்து வைக்கும், லாசிக்ஸை வேலை செய்ய விடாது. ஹார்ட் ஃபெயிலியர் உள்ளவர் அதைத் தொடவே கூடாது. வலிக்கு பாரசிட்டமால் போதும், அதிலும் தண்ணீரில் கரைந்து நுரைக்கிற வகை வேண்டாம், அதில் சோடியம் இருக்கிறது. மூன்றாவது தடவை அட்மிட் ஆகி வருகிறவர்களிடம் நான் முதலில் தேடுவது இந்த வலி மாத்திரையைத்தான், பலரிடம் கிடைத்துவிடுகிறது. அவர் ஏன் வேலைக்குப் போனார் என்று திட்டாதீர்கள், பத்தாவது நாளே போயிருப்பார், ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

அப்புறம் மருந்துகள். பம்பிங் குறைந்த ஹார்ட் ஃபெயிலியருக்கு இன்று நான்கு வகை மருந்து வேண்டும். எனலாப்ரில் வகை அல்லது அதைவிடப் புதிதான சாக்குபிட்ரில்-வல்சார்டன் ஒன்று, மெட்டோப்ரோலால், கார்விடிலால், பிசோப்ரோலால் இவற்றில் ஒன்று, ஸ்பைரோனோலாக்டோன் ஒன்று, டாபாகிளிஃப்ளோசின் வகை ஒன்று. லாசிக்ஸ் தண்ணீரை இறக்க மட்டும்தான், ஆயுளைக் கூட்டுவது இந்த நான்கும்தான். எனலாப்ரில் உயிரைக் காக்கும் என்று 1987-லேயே நிரூபித்துவிட்டார்கள், ஸ்பைரோனோலாக்டோன் 1999-ல். இரண்டுமே மலிவு, அரசு மருத்துவமனையில் இலவசம். டாபாகிளிஃப்ளோசின் விலை அதிகமாக இருந்தது, 2020-ல் இந்தியாவில் அதன் காப்புரிமை முடிந்ததும் பல கம்பெனிகள் தயாரித்து விலை விழுந்துவிட்டது. சாக்குபிட்ரில்-வல்சார்டன் 2023-ல் அதேபோல் இறங்கியது. ஆகவே மருந்து விலை முன்பு இருந்த மாதிரி பெரிய சுவர் இல்லை. இப்போதைய சிக்கல் அளவு.

இந்த மருந்துகளை முதலில் மிகச் சிறிய அளவில் தொடங்குவார்கள், ஏனென்றால் பிபி இறங்கிவிடும், பொட்டாசியம் ஏறும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பார்த்துப் பார்த்து ஏற்ற வேண்டும், ஏற்றினால்தான் முழுப் பலன். நடப்பது என்னவென்றால் டிஸ்சார்ஜ் சம்மரியில் எனலாப்ரில் 2.5 மி.கி. என்று எழுதியிருக்கும், ஒரு வருஷம் கழித்தும் 2.5-லேயே நிற்கும். பெரிய ஆஸ்பத்திரியில் "பக்கத்து பி.எச்.சி.யில் பார்த்துக்கோங்க" என்பார்கள், அதாவது ஆரம்ப சுகாதார நிலையத்தில். பி.எச்.சி. டாக்டர் "பெரிய டாக்டர் எழுதினதை நான் ஏன் மாற்றணும்" என்று அதையே திரும்ப எழுதுவார், நானும் ஆரம்ப காலத்தில் அப்படித்தான் எழுதினேன். பயம்தான் காரணம். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டுகிற கிரியாட்டினின் பார்க்க முடிந்தது, பொட்டாசியம் பார்க்க ரத்தத்தைத் தாலுகா ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், முடிவு வருவதற்குள் ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது? யாரும் தப்பு செய்யவில்லை, ஆனால் அந்த நோயாளிக்கு மருந்து கொடுத்தும் கொடுக்காத மாதிரிதான்.

அளவை ஏற்றினால் எவ்வளவு வித்தியாசம் வரும் என்று 2022-ல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. டிஸ்சார்ஜ் ஆனவர்களில் ஒரு பகுதியினரை வழக்கம்போல விட்டார்கள், இன்னொரு பகுதியினருக்கு இரண்டே வாரத்தில் முழு அளவுக்கு ஏற்றி, முதல் ஆறு வாரத்தில் நான்கு தடவை வரவழைத்து உடம்பையும் ரத்தத்தையும் பார்த்தார்கள். ஆறு மாதத்தில் மரணமோ மறுபடி அட்மிஷனோ வழக்கம்போல விட்டவர்களில் 23.3%, மற்றவர்களில் 15.2%. வித்தியாசம் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். இதில் புது மருந்து எதுவும் இல்லை! பழைய மருந்தும், அடுத்தடுத்து நான்கு சந்திப்பும்தான். ஆனால் மார்க்கெட்டில் தினக்கூலிக்கு நிற்பவருக்கு ஆறு வாரத்தில் நான்கு தடவை டவுனுக்குப் போய்வருவது என்றால் நான்கு நாள் கூலி, இரண்டு பேர் பஸ் காசு, கூட வருகிற உங்களுக்கும் ஒரு நாள் லீவு. அம்மா கூடப் போனால் டவுன் பஸ்ஸில் அவருக்காவது டிக்கெட் இல்லை, அப்பாவுக்கு உண்டு. அதனால்தான் அந்த நான்கு சந்திப்பும் உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்க வேண்டும் என்கிறேன், அதாவது ஆரம்ப சுகாதார நிலையத்தில்.

வேல்ஸில் க்ளின்காரக் என்று ஒரு நிலக்கரிச் சுரங்கக் கிராமம். அங்கே ஜூலியன் டியூடர் ஹார்ட் என்று ஒரு குடும்ப மருத்துவர் பல காலம் வேலை பார்த்தார். 1971-ல் அவர் எழுதிய கட்டுரையில் சொன்னது, எங்கே மருத்துவம் அதிகமாகத் தேவையோ அங்கேதான் நல்ல மருத்துவம் குறைவாகக் கிடைக்கிறது என்பது. அதை எழுதியதோடு நிற்கவில்லை, கிராமத்தில் இருந்த பெரியவர்கள் எல்லாருக்கும் பிபி பார்த்து, வராதவர்களைத் தேடிப் போய்ப் பார்த்து, வருஷக்கணக்கில் பின்தொடர்ந்தார். அங்கே அகால மரணம் பக்கத்து ஊரை விடக் குறைந்தது. அவர் செய்ததில் பெரிய கருவி எதுவும் கிடையாது.

நம்மிடம் அதற்கு நெருக்கமாக ஒன்று இருக்கிறது, மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கினார்கள். மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பிபி, சுகர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார், கூலி போகாமல் மாத்திரை கிடைக்கிறது. எனக்கு அந்தத் திட்டத்தின்மேல் நிஜமாகவே மரியாதை உண்டு. ஆனால் அது பிபி, சுகரை மையமாக வைத்துக் கட்டப்பட்டது. பிபியும் சுகரும் மாதம் ஒரு தடவை பார்த்தால் தாங்கும். ஹார்ட் ஃபெயிலியருக்கு ஒரு மாதம் என்பது மிக நீளம், பத்து நாளில் தண்ணீர் ஏறிவிடும் என்று மேலே சொன்னேன் அல்லவா. அதே தன்னார்வலர் கையில் ஒரு எடை மெஷினும், டிஸ்சார்ஜ் ஆனவர்களின் பெயர்ப் பட்டியலும், முதல் மாதம் மட்டும் வாரம் ஒரு தடவை போய்ப் பார்க்க நேரமும் கொடுத்தால் போதும், எடை இரண்டு கிலோ ஏறியிருந்தால் சுகாதார நிலைய நர்ஸுக்கு ஒரு போன். காப்பீட்டில் ஒரு ஸ்டென்டுக்கு ஆகிற செலவில் ஒரு வட்டாரம் முழுக்க எடை மெஷின் வாங்கிக் கொடுத்துவிடலாம், அதை ஏன் இன்னும் செய்யாமல் இருக்கிறோம் என்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிற கேள்வி. காப்பீடு படுக்கையில் படுத்தால் பணம் தருகிறது, படுக்காமல் தடுக்கிற வேலைக்குத் தருவதில்லை.

இனி அப்பாவுக்கு என்ன செய்யலாம். இப்போது வார்டில் இருக்கிறார் என்றால் வெளியே வருவதற்கு முன்னால் டாக்டரிடம் மூன்று விஷயம் கேட்டு சம்மரியிலேயே எழுதி வாங்குங்கள். தண்ணீர் இறங்கிய பிறகு அவருடைய எடை எவ்வளவு, எடை ஏறினால் லாசிக்ஸை எவ்வளவு கூட்டலாம், எந்தெந்த மருந்தை எந்தத் தேதியில் எவ்வளவுக்கு ஏற்ற வேண்டும். கடைசியில் சொன்னது மிக முக்கியம். "இரண்டு வாரத்தில் பிபி 100-க்கு மேல் இருந்து கிரியாட்டினின், பொட்டாசியம் சரியாக இருந்தால் எனலாப்ரில் 5" என்று ஒரு வரி பெரிய டாக்டரின் கையெழுத்தோடு இருந்தால் பி.எச்.சி. டாக்டர் தைரியமாக ஏற்றுவார், நான் அந்த நாற்காலியில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். நான்கு வகையில் எது விடுபட்டிருக்கிறது என்றும் கேளுங்கள், கேட்டால் கோபப்பட மாட்டார்கள். புது மாத்திரை ஏதாவது வெளியே வாங்கச் சொன்னால் அதன் மூலப் பெயரை எழுதித் தரச் சொல்லி மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ முதலில் விசாரியுங்கள்.

ஒரு எடை மெஷின் வாங்குங்கள், ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். முடியாவிட்டால் தெருவில் நான்கு வீடு சேர்ந்து வாங்கலாம், ரேஷன் கடைத் தராசில் கூட நின்று பார்த்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தினமும் காலையில் எழுந்து சிறுநீர் கழித்துவிட்டு, சாப்பிடுவதற்கு முன்னால், ஒரே மாதிரி துணியோடு நிற்கச் சொல்லி காலண்டரில் அந்தத் தேதியின் மேலேயே எழுதுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் மூச்சு வாங்கும் வரை காத்திருக்காதீர்கள், அன்றைக்கே சுகாதார நிலையத்துக்கு அந்தக் காலண்டரையும் கிழித்து எடுத்துக்கொண்டு போங்கள். தலையணை எண்ணிக்கையையும் கவனியுங்கள், நேற்று ஒரு தலையணையில் தூங்கியவர் இன்று இரண்டு கேட்டால் அதுவும் செய்திதான். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தூங்குகிறார் என்றால் காலண்டரெல்லாம் பார்க்க வேண்டாம், நேராக 108.

உப்பைப் பற்றி அம்மாவிடம் பேசும்போது உப்பே இல்லாமல் சமை என்று சொல்லாதீர்கள், இரண்டு நாளில் விட்டுவிடுவார்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு, வடகம் இந்த நான்கையும் நிறுத்தி, சோறு வடிக்கும்போது உப்பு போடாமல் குழம்பில் மட்டும் கொஞ்சம் குறைத்தாலே பெரிய பங்கு போய்விடும். உப்புக்குப் பதிலாக "லோ சோடியம்" உப்பு வாங்காதீர்கள், அதில் பொட்டாசியம் இருக்கும், ஸ்பைரோனோலாக்டோனோடு அது ஆபத்து.

வேலை விஷயம்தான் எல்லாவற்றிலும் கஷ்டம், அதைச் சுலபமாகச் சொல்லிவிட எனக்கு மனது வரவில்லை. 28 பம்பிங்கோடு மூட்டை தூக்கக் கூடாது. அதே மார்க்கெட்டில் ரசீது எழுதுவது, எடை எழுதுவது, காவலுக்கு உட்காருவது மாதிரி ஏதாவது கிடைக்குமா என்று அவருடைய மேஸ்திரியிடம் நீங்கள் போய்ப் பேசுங்கள், அப்பாவாகக் கேட்க மாட்டார். உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருந்தால் அந்த அட்டையோடு போய் என்ன உதவி கிடைக்கும் என்று விசாரியுங்கள், டாக்டரிடம் சான்றிதழ் கேட்டால் எழுதித் தருவார்.

28 அப்படியே இருந்துவிடும் என்றும் முடிவு செய்ய வேண்டாம். மருந்து முழு அளவுக்கு ஏறி மூன்று மாதம் போன பிறகு ஒரு எக்கோ எடுக்கச் சொல்லுங்கள். பலருக்கு 35, 40 என்று ஏறிப் பார்த்திருக்கிறேன், சிலருக்கு அதற்கும் மேல். முழு மருந்திலும் ஏறவில்லை, 35-க்குக் கீழேயே நிற்கிறது என்றால் திடீர் மரணத்தைத் தடுக்கிற கருவி வைப்பது பற்றி இதய நிபுணர் பேசுவார். அந்த எக்கோவுக்கான தேதியையும் இப்போதே காலண்டரில் எழுதி வைத்துவிடுங்கள்.